வட்டி வராம ஸ்டாம்பு ஒட்டாதீங்க

ஏங்க,

தறிக்கடன் தீர்ந்த பிறகும் நம்ம கூலியில பிடிச்ச நூத்தி எண்பது ரூபாயை, ஒரு வருஷம் கழிச்சு இன்னிக்குதான் முதலாளி கணக்குப்பிள்ளைகிட்ட குடுத்தனுப்புறாரு. நாம ஒரு வாரம் தள்ளிக் கட்டினதுக்கே வட்டி போட்டவரு. அதே வட்டியைக் கேளுங்க. அசலை மட்டும் வாங்கிகினு, பாக்கி இல்லன்னு ரசீதுல ஸ்டாம்பு ஒட்டி கையெழுத்து போட்டுடாதீங்க. அந்தக் கணக்குப்பிள்ளை சிரிச்சா மசிஞ்சிடுவீங்க.

நான் போளூர் போயிட்டு சாயந்தரம் வந்துடறேன். அடுப்பு மேல காரக்குழம்பு இருக்குது. நேத்து நான் கத்தினது தப்புதான், சொன்னது தப்பில்ல.

குணசுந்தரி

சாவி தேடி உங்க சட்டைப் பையில கைவிட்டேன். புது ரெவின்யூ ஸ்டாம்பு ஒண்ணு இருக்குது. எதுக்கு வாங்கினீங்க? அதை நான் எடுத்துகினு போறேன்.