திரையில் ‘ஓகே’ என்றிருந்த லாட்

ஜூன் 10, செவ்வாய்

டிஸ்பாட்ச்சில் லாரி ஏற்றும் ஜோதிமணி அக்காவை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரையாம். குவாலிட்டி ‘ஹோல்ட்’ போட்டு நிறுத்திவைத்த பிரேக் லீவர் லாட்டை, ஒரு தொகுதி முழுவதையும், அவர் லாரியில் ஏற்றிவிட்டாராம். கஸ்டமர் திருப்பி அனுப்பிவிட்டான்.

கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறும்போது சொன்னார்: “ஸ்கிரீன்ல ஓகேன்னுதான் இருந்துச்சு ரஞ்சிதா. பாக்காம ஏத்துவனா நானு?”

டிஸ்பாட்ச் ஸ்கிரீன் எங்கள் சாப்ட்வேர் டீம் எழுதியது. இப்போது அதில் ஹோல்ட் என்றுதான் இருக்கிறது. அக்கா பொய் சொல்கிறாரா? சே, பொய் சொல்கிற ஆளா அது?

ஜூன் 11, புதன்

எங்கள் ஹோல்ட் ஸ்கிரீனில் நானே ஒரு லாட்டை நிறுத்தினேன். டிஸ்பாட்ச் ஸ்கிரீன் உடனே ஹோல்ட் என்றது. மறுபடி போட்டேன், மறுபடியும் சரி. சரியாக வருவதைப் பார்த்து எரிச்சல் வருவது எனக்கே புதிது.

சந்தேகம் கேஷ் மேல்தான். டேட்டாபேஸிடம் ஒரு தடவை கேட்ட பதிலை, ஸ்கிரீனுக்கும் அதற்கும் நடுவில் நிற்கும் ஓ.ஆர்.எம். என்ற புரோகிராம் கேஷில் எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அங்கே போகாமலே அதையே நீட்டும். ஏதாவது மாறினால் பழையதைத் தூக்கிப் போடவேண்டும். என் கண்முன்னால் போடுகிறதே — அன்றைக்கு மட்டும் ஏன் போடவில்லை?

ஜூன் 12, வியாழன்

புகார் வந்ததும் நம்ம ஆட்கள் செய்த முதல் காரியம் சர்வரை ரீஸ்டார்ட் செய்தது. எதற்கெடுத்தாலும் ரீஸ்டார்ட். கேஷில் இருந்ததெல்லாம் அதோடு போச்சு. அக்காவுக்கு இருந்த ஒரே சாட்சியையும் துடைச்சுட்டானுங்க.

ஜூன் 13, வெள்ளி

ஆபரேட்டர் தப்பு என்று எழுதி முடிக்கச் சொல்கிறார் எங்கள் மேனேஜர் விஜயகுமார். முடியாது.

ஜூன் 14, சனி

குவாலிட்டி ரூமில் போய் உட்கார்ந்துகொண்டேன். திம்மப்பன் ஹோல்ட் போட்டார். மனுஷன் எங்கள் ஸ்கிரீனைத் திறக்கவே இல்லை! ஒரு எக்செல் ஃபைலை ஃபோல்டரில் போட்டார், அவ்வளவுதான்.

“ஒண்ணொண்ணா தட்டினா ஷிப்டே முடிஞ்சிரும் மேடம். விஜயகுமார் சாருதான் இந்த வழி பண்ணிக் குடுத்தாரு.”

அந்த வழி நேராக டேட்டாபேஸில் எழுதுகிறது. ஓ.ஆர்.எம்.முக்கு மாறியதே தெரியாது. பழைய பதிலையே நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கேயே டிஸ்பாட்ச் ஸ்கிரீனைத் திறந்தேன். திம்மப்பன் அப்போதுதான் நிறுத்திய லாட், ஓகே என்று நிற்கிறது. போட்டோ எடுத்துக்கொண்டேன்.

விஜயகுமார் சார் செய்த வழி. சொன்னால் என் கதி? பயமா இருக்கு.

ஜூன் 16, திங்கள்

சொல்லிவிட்டேன், பிளான்ட் ஹெட் முன்னாலேயே. சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஸ்கிரீனுக்கு கேஷே வேண்டாமென்று எடுத்துவிட்டேன். மெதுவாக வந்தால் வரட்டும்.

ஜூன் 23, திங்கள்

அக்கா வேலைக்கு வந்துவிட்டார். முதல் லாரிக்கு நானும் பக்கத்தில் நின்றேன். எல்லா லாட்டும் ஓகே. அக்கா ஏற்றச் சொல்லவில்லை. திம்மப்பனுக்குப் போன் போட்டு, ஒவ்வொரு நம்பராகக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

“இப்ப சரியா காட்டுதுக்கா,” என்றேன்.

“தெரியும்மா. அன்னைக்கும் எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு,” என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கேட்டார்.