பத்மினியின் தோழிகள்

அன்புள்ள நைனாவுக்கு ஜெமிமா எழுதுவது. ஹாலந்து குளிரிலும் கர்த்தர் தயவால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? போனில் பேசினால் இருவரும் அழுதுவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று கல்லூரியில் என் ஆராய்ச்சிக் கட்டுரையை வாசித்தேன். ஏர்பேடு பக்கத்து செல்போன் கம்பெனியில் வேலை செய்யும் பத்மினியின் தாய் இறந்தபோது, அவளோடு வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் லீவு போட்டுச் சாவுக்குப் போனார்கள். "அவ அழுதுகினு இருக்கசொல்ல நமக்கு எப்டிம்மா வேலை ஓடும்?" என்று என்னிடம் கேட்டார்கள். இங்குள்ள நிர்வாகப் புத்தகங்கள் அதை ஒழுங்கீனம் என்கின்றன. எங்கள் பக்கத்தில் வேலை நடப்பதே அந்த உறவால்தான் என்றேன். "உன் ஊர் என்பதால் உனக்கு அப்படித் தோன்றுகிறது" என்று பேராசிரியர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், கவலைப்படாதீர்கள்.

பாஸ்போர்ட் விசா ஆபீஸில் மாட்டிக்கொண்டதால் அம்மாவின் அடக்கத்துக்கு நான் வர முடியவில்லை. அந்தக் கம்பெனிப் பெண்கள் எனக்காகச் சித்தூர் வரை வந்தார்களே, அதையும் சொல்ல நினைத்தேன். காகிதங்களை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இங்கே அம்மாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மிளகாய்த்தூள் அனுப்பும்போது அம்மாவின் புடவை ஒன்றும் வையுங்கள். பஸ் வரும் நேரம், முடிக்கிறேன். அன்று அடக்கத்தைப் போன் வீடியோவில்தான் பார்த்தேன், அம்மாவின் சவப்பெட்டியை மூடும்போது அது கட்டாகிவிட்டது. அப்போது என் இடத்தில் நின்றது யார், நைனா?

ஜெமிமா