மன்னர் கடைவாயில் ஒளிந்த செவ்வெள்

நலம் பெருகுக! மழை தவறாத மலைக்கும், சொல் தவறாத அரசிக்கும் வாழ்நாள் நீள்க!

நூறு களிறு பூட்டி இழுத்தும் ஓர் அரிசி அகலம் திறவாத திருவாயை உடையவரும், வீங்கிய ஒற்றைக் கன்னத்தால் பகலவனை மறைத்து, ஏழூர்க் கோழிகளை அந்தி என்று கூடடையச் செய்தவருமான கூவிளநாட்டுக் கோமான் பொன்னெழில் வேளின் திருவருளால், அந்நாட்டு முன்னாள் பேரமைச்சன், ஓய்வு கொடுத்தும் ஓயாத மிளைவேளான், செவ்வெள் விளையும் குறும்பொறை நாட்டு அரசி அணிமலர் நாச்சியார் திருமுன் வணங்கி விடுக்கும் ஓலை.

எம் மன்னருக்கும் தங்கள் மகளாருக்கும் பேசிய மணம் முறிந்தது என்று தங்கள் தூதர் அழிசியார் முன்னே ஓர் ஓலை விடுத்தார். தாங்கள் சினந்திருப்பீர்கள், மகளாரை வேறிடம் கொடுக்கவும் எண்ணியிருப்பீர்கள். இவ்வோலை முடியும்மட்டும் பொறுத்தருள்க.

பெண் தன் கையால் பிடித்த எள்ளுருண்டையை மணமகன் தனித்திருந்து உண்பதும், பின்வரும் நன்னாளில் அவையேறித் தன் வாயால் சம்மதம் சொல்வதும், சொல்லாது வாய்மூடி இருப்பின் மறுப்பென்று கொள்வதும் இரு நாட்டுக்கும் பழைய வழக்கு. எம் மன்னருக்கோ இளம்பருவம். அறிவு முற்றியதோ இல்லையோ, அறிவுப்பல் முளைக்கத் தொடங்கிவிட்டது. அதுவும் வரி கேட்கப் போனால் கதவிடுக்கில் எட்டிப்பார்க்கும் வணிகனைப்போலப் பாதி வெளியே, பாதி உள்ளே. மேலே ஈறு போர்வையாய் மூடிக் கிடந்தது. அப்போர்வைக்கடியில் எதுவோ புகுந்து தங்க, ஈறு பழுத்தது, காய்ச்சல் கண்டது, கன்னம் பலாவாயிற்று, தாடை பூட்டிக்கொண்டது.

நன்னாளும் வந்தது. அழிசியார் அவையில் எழுந்து கேட்க, மன்னர் வாய் திறக்கவில்லை. கையை ஆட்டினார், தலையை ஆட்டினார். வழக்கு வாய்ச்சொல்லைத்தானே கேட்கும்! அவர் கண்ணில் நின்ற நீரையும் அழிசியார் சினமென்றே கொண்டு, ஓலையை அனுப்பிவிட்டு, ஊர் திரும்பக் குடையைக் கையில் எடுத்துவிட்டார்.

இவ்வோலை எழுதும் வேளான் அவையிலேயே வழிமறித்துப் பல்லின் செய்தியைச் சொன்னான். அதற்கு அழிசியார், வயிற்றுவலி சொன்ன மாப்பிள்ளைகளைத் தாம் கண்டதுண்டு என்றும், பல்வலி சொன்ன மாப்பிள்ளையை இன்றே காண்பதாகவும், வேளான் வாயில் பிறந்த யானைகளுக்குத் தீனிபோட ஒரு நாடு போதாது என்றும், இளவரசியார் பிடித்த உருண்டையை மன்னர் நாய்க்குத்தான் போட்டிருப்பார் என்றும் உரைத்தருளினார்.

நாய் என்ற சொல் மன்னரைச் சுட்டது. அரியணையிலிருந்து இறங்கி, அழிசியாரின் மேலாடையைப் பற்றி, மருத்துவச்சி நாகையாரிடம் தரதரவென்று இழுத்துப் போனார்.

நாகையார் விளக்கை அழிசியார் கையிலேயே கொடுத்துக் கிட்டப் பிடிக்கச் சொன்னார். வெதுவெதுப்பான உப்புநீரைக் குழல் வழியே ஈற்றுப் போர்வைக்கடியில் பீய்ச்சினார். கிளம்பிய நாற்றத்தில் அரண்மனைக் கிளிகள் அத்தனையும் மூர்ச்சையாயின. சீழ் வடிந்தது. அதன் பின்னே, வட்டிலில் வந்து விழுந்தது செக்கச் சிவந்த ஓர் எள்.

எம் நாட்டில் விளைவது கருப்பெள். செவ்வெள் தங்கள் மலையன்றி வேறெங்கும் முளைப்பதில்லை. அழிசியார் அதை விரல்நுனியில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பின்பு விடாது கொப்பளித்து வீக்கம் வடிய, மன்னர் மீண்டும் அவையேறினார். கஞ்சி கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. திறந்த வாயில் முதலில் வந்தது சம்மதம் என்னும் சொல்லே. குளத்து மீன்கள் கரையேறி நின்று கேட்டன.

உண்டபின் உப்புநீர் கொப்பளிக்க வேண்டும் என்றும், மறுபடி பழுத்தால் பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்றும் நாகையார் எச்சரித்துள்ளார். ஆதலால் மணநாள் உருண்டைக்கு எள்ளைச் சற்றே இடித்தருள்க என்று மாப்பிள்ளையாய் மன்றாடும் எம் மன்னர், அரசராய் இடும் ஆணை தம் பல்லுக்கு மட்டுமே: முழுதாய் வெளியே வா, அன்றேல் நாட்டைவிட்டே வெளியேறு.

இவ்வாணைக்குக் கூவிளமாகிய வில்வத்தின் இலை இலச்சினை. அரக்கில் பதிந்திருப்பது அந்த எள்.

இதன்கீழ்த் தூதன் அழிசி எழுதுவது: யானை பொய். கோழி பொய். மீனும் பொய். கிளிகளில் ஒன்று மயங்கி விழுந்தது மெய். அருகில் நின்ற நானும் விழப் பார்த்தேன். எள் நம்முடையது. சம்மதம் என் காதில் விழுந்தது. முன்விடுத்த ஓலையை அடுப்பிலிட்டருள்க. நடந்தது நடந்ததே. இவை அழிசி எழுத்து.