பழைய சர்வர் தந்த பக்கம்

10.6.2002, திங்கள்

புதிய சர்வர் வந்து இறங்கியது. கல்மண்டபத்து எங்கள் அலுவலகத்தின் இணையதளம் இனி இதிலிருந்து இயங்க வேண்டும். எந்தக் கன்டெய்னர் துறைமுகத்திலிருந்து விடுவிக்கப்பட்டது என்று அதில் பார்த்த பிறகே லாரிக்காரர்கள் வண்டியை எடுக்கிறார்கள். பழையதன் அமைப்புக் கோப்புகளை இதற்கு மாற்றும் பணியை நானே கேட்டுப் பெற்றேன். முதலாளி சுயம்பு அண்ணாச்சிக்குத் தயக்கம். "கிண்டியில இன்ஜினியரிங் படிச்ச ஆளு ஒருத்தரு இருக்காரு. கூப்பிடட்டுமா தாயி?"

தட்டச்சுக்காரியாகச் சேர்ந்து, நூல்களை மட்டுமே துணைக்கொண்டு அந்தப் பழைய சர்வரை நிறுவியவள் நான். தேவையில்லை என்றேன். வெள்ளிக்குள் முடித்தால் சர்வர் என் பொறுப்பு. தவறினால் கிண்டிக்காரருடையது என்று முடிவாயிற்று.

11.6.2002

எதையோ மறந்திருக்கிறேன். எதை?

13.6.2002, வியாழன்

கோப்புகள் அனைத்தையும் படியெடுத்து முடித்தேன். புதிய கணினியின் திரையிலேயே தளத்தின் பெயரை இட்டேன். பக்கம் மலர்ந்தது! "நிறைவேறிற்று அண்ணாச்சி" என எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தேன்.

14.6.2002, வெள்ளி

அண்ணாச்சி சொற்படி எலக்ட்ரீஷியன் டில்லிபாபு பழைய சர்வரை அணைத்தார். தளம் அக்கணமே மறைந்தது. எண்ணூர் சாலையில் பதினொரு டிரெய்லர்கள் நின்றன.

"ஏலே, எந்த ஒயரப் பிடுங்கித் தொலைச்ச?"

"நீ சொன்ன பொட்டிய தான் மொதலாளி ஆஃப் பண்ணேன். வேற இன்னாத்தையும் தொடல!"

இனி வரவேண்டாம் என்று டில்லிபாபுவை அண்ணாச்சி அனுப்பிவிட்டார்.

பழையதை மீண்டும் இயக்கிய பின்பே காரணம் கண்டேன். படியெடுத்த கோப்பில் ஒரு வரியில் பழைய கணினியின் முகவரியே மாற்றப்படாமல் இருந்தது. புதியதில் தளம் ஒரு கணமும் இயங்கவில்லை. நேற்று நான் கண்ட பக்கத்தை அனுப்பியது, அருகில் ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வர்.

ஐயோ, இன்னா காரியம் பண்ணிட்டேன்! அந்தாளு தல குனிஞ்சிகினு வூட்டுக்குப் போறாரு, நான் வாயே தொறக்கல — ஏன் தொறக்கல?

15.6.2002, சனி

பழையதை அணைத்து, அதன் முகவரியைப் புதியதற்கு அளித்தேன். தளம் இயங்குகிறது. அண்ணாச்சிக்கு மகிழ்ச்சி. என்ன கோளாறு என்று அவர் கேட்கவே இல்லை. பழி ஏற்கெனவே ஓர் ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டதல்லவா?

16.6.2002

புளியந்தோப்பில் டில்லிபாபுவின் குடியிருப்பு வரை ஷேர் ஆட்டோவில் சென்றேன். இறங்காமலே திரும்பினேன்.

17.6.2002, திங்கள்

அண்ணாச்சி முன் நின்றேன். "டில்லிபாபு மீது குற்றமில்லை. சரிவரச் சோதிக்காமல் அறிவித்தவள் நான்."

"மூணு நாளா என்னத்துக்கு வாய மூடிக்கிட்டு இருந்த?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"அவன வரச் சொல்லு. சர்வர கிண்டிக்காரர்ட்ட குடுத்துரு."

19.6.2002, புதன்

கிண்டிக்காரர் என் நாற்காலியில் அமர்ந்திருந்தார். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். ஏணியில் நின்று மின்விசிறியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த டில்லிபாபு கீழே குனிந்து, "இன்னாக்கா, உன் வாயாலயே 'என் தப்பு'ன்னு சொன்னியாமே! ஆபீஸே ஆடிப்போயி கீது" என்றார்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பின்பு வேறொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கோப்பைக் கிண்டிக்காரருக்கு விளக்கலானேன் — நான் தவறவிட்ட வரியிலிருந்து.