பச்சை நாடா கட்டிய வார்டு

நாள் 212. 07:30
நிலவுத் தள மருத்துவமனை. எழுதுபவர் தலைமைச் செவிலி ரோசலின் சவரிமுத்து.
காற்றழுத்தம் சரி. நோயாளி ஒருவர்: சுரங்கத் தொழிலாளி இருளப்பன். தூசியால் நுரையீரல் கெட்டவர். ஃப்ளூ வந்தால் தாங்கமாட்டார். ஆகவே ஊழியர் அனைவருக்கும் தடுப்பூசி. பட்டியலில் பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேருக்குக் குறியிட்டாயிற்று. எல்லோரும் போட்டால்தான் வார்டுக் கதவில் பச்சை நாடா. இங்குள்ள வழக்கம் அது.

நாள் 213. 09:10
பாக்கி செவிலி வளர்மதி. உள்தொடர்பில் பேசினோம்.
"போன தடவ போட்டு ரெண்டு நாள் படுத்துட்டேன் மேட்ரன். என் ஷிப்ட நிலாவா பாக்கும்?"
"எழுபத்தொரு வயசுல நானே போட்டுக்கிட்டேன். உனக்கென்ன கேடு?"
"நீங்களேவா? அப்ப கையக் காட்டிட வேண்டியதுதான்."
09:40. போட்டுக்கொண்டாள். நாடா கட்டினேன்.
நான் போட்டுக்கொள்ளவில்லை. என் பெயருக்கு நேரே குறியிட்டது நானே. கணவரை அடக்கம் செய்த மறுநாளே பணிக்கு வந்தவள் நான். காய்ச்சலுக்கென்று ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை. என் ஊசி குளிர்பெட்டியில் இருக்கிறது. நாளை பார்க்கலாம்.

நாள் 214. 15:00
பூமியிலிருந்து சரக்குக் கலம் வந்தது. பயணிகளை நானே பரிசோதித்தேன். ஒருவருக்கு இருமல்.

நாள் 216. 06:50
தொண்டை கரகரக்கிறது. உலர்ந்த காற்றுதான் காரணம். இருளப்பனுக்கு ஆக்சிஜன் குழாயை மாற்றினேன். நான் பேசுவது புரியவில்லை என்றார். முகக்கவசத்தைக் கீழே இறக்கினேன்.

நாள் 218. 11:05
இருளப்பனுக்கு 39.6. வளர்மதிக்கும் காய்ச்சல். டாக்டர் கதிரேசனின் அழைப்பு:
"அவ ஊசி போட்டு அஞ்சு நாள்தான் ஆகுது, பாதுகாப்பு வர ரெண்டு வாரம் வேணும். மத்தவங்க போன மாசமே போட்டாச்சு. அவதான் கொண்டுவந்திருக்கணும். தனி அறையில வைங்க. உங்களுக்குச் சோதனை வேண்டாம் மேட்ரன், பட்டியல்ல முதல் பேரே நீங்கதானே."
"சரி டாக்டர்" என்றேன். சரி என்றுதான் சொன்னேன்.

நாள் 219. 10:20
எனக்கு 38.8. மாத்திரை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருளப்பனின் ஆக்சிஜன் 71, இறங்குகிறது. உள்தொடர்பில் அவர் குரல்:
"வேற யாரும் வேணாம்மா. நீங்க வாங்க. ஊசி போட்டவங்க நீங்க."

10:26
எல்லா அறைகளுக்கும் ஒலிபரப்பைத் திறந்தேன்.
"நான் ஊசி போட்டுக்கல. வளர்மதிக்கு முன்னாடியே எனக்குத் தொண்டை கட்டிருச்சு. இருளப்பனுக்கு நான்தான் கொடுத்தேன்."
ஒலிபரப்பை மூடினேன். இருளப்பன் என் தொடர்பில் மட்டும் பேசினார்:
"அய்யோ... நேத்து தனி அறைக்குப் போகுமுன்ன தண்ணி கொண்டாந்த வளர்மதிப் புள்ள மூஞ்சில, நோயக் கொடுத்தது அவதான்னு துப்பிட்டேனேம்மா. அவகிட்ட மன்னிப்பு..."

10:41
இருளப்பனின் மூச்சு நின்றது.

10:50
வளர்மதி அழைக்கிறாள். "இருளப்பண்ணன் கடைசியா ஏதாச்சும் சொன்னாரா மேட்ரன்? இல்ல, அதுவும் நீங்களா எழுதிக்குவீங்களா?"
சொன்னார். மன்னிப்புக் கேட்டார். சாட்சி நான் மட்டும். இனி நான் சொல்லி அவள் எப்படி நம்புவாள்?