நேரில் அளக்காத ஐந்து உயரங்கள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கதவு எண் 17,
மழைநீர் வடிகால் பணி நடந்த தெரு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
வடிகால் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தெரு வடிகால் தவறாக அமைந்தது – வரைவாளர் மீது நான் எழுதிய புகார் உண்மைக்கு மாறானது – தவறு என்னுடையது – அவரது பணியிடை நீக்கத்தை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. தெருவினர் 43 பேர் கையொப்பமிட்ட புகார்.
2. வரைவாளரின் விளக்கக் கடிதம் (நகல் எனக்கு வந்தது).

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. பார்வை 1-இல் கண்ட புகாரை எழுதியவன் நான். "வரைவாளரின் அலட்சியத்தால்" என்று அதில் மூன்று இடங்களில் வருகிறது. மூன்றும் என் சொற்கள். அதன்பேரில் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை விசாரணை. அதற்கு முன் தங்கள் கைக்குச் சேர வேண்டும் என்பதால் இம்மனுவைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

2. வடிகாலுக்கு வரைபடம் போட, முதலில் தெருவின் மேடு பள்ளம் தெரிய வேண்டும். அளவைக் கருவியோடு ஆள் வர ஆறு வாரம் ஆகும் என்றார் வரைவாளர். மழைக்கு முன் வேலை முடிய வேண்டுமே என்று எங்களுக்கு அவசரம். செயற்கைக்கோள் வழியாக எடுத்த உயரத் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தெருச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அதை இறக்கி, பென்டிரைவில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "முப்பத்தொரு வருஷம் வரைபடம் சொல்லிக்கொடுத்தவன்மா நான்" என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொல்லவும் செய்தேன்.

3. அவர் அந்தக் கோப்பை வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "சார், இது தரையோட உயரமா, இல்ல மரம் மாடியெல்லாம் சேர்ந்து வந்திருக்கா? பயமா இருக்கு" என்றார். அவர் பயந்தது சரி. ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் தலையில் புத்தகப்பையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று வையுங்கள். மேலிருந்து அளந்தால் பையும் சேர்ந்தே வரும். பெரிய பை வைத்திருக்கும் குள்ளப் பிள்ளைதான் வகுப்பிலேயே நெட்டையாகத் தெரிவான். எங்கள் தெருவின் கடைசி முனையில் அடர்ந்த மரங்களும் ஒரு நான்கு மாடிக் கட்டடமும் உள்ளன. உண்மையில் தாழ்ந்து கிடக்கும் அந்த முனை, கோப்பில் மேடாக நின்றது.

4. தெருவில் ஐந்து இடங்களிலாவது நேரில் அளந்து பார்க்காமல் வரைய முடியாது என்று அவர் உறுதியாகச் சொன்னார். கொத்தனாரை வைத்து நானே அளந்து தருகிறேன் என்று சொல்லி, அளவுகளை எழுதும் படிவத் தாளை வாங்கி வந்தேன். அன்று கொத்தனார் வரவில்லை. வெயில் கடுமையாக இருந்தது. எனக்கு முழங்கால் வலி. இவற்றைக் காரணமாகச் சொல்கிறேன், நியாயமாக அல்ல. வீட்டு மேசையில் உட்கார்ந்து, கோப்பில் இருந்த எண்களையே பார்த்து ஐந்து கட்டங்களிலும் எழுதி, "நேரில் அளந்து சரிபார்த்தேன்" என்று கையொப்பமிட்டேன்.

5. தாளைப் பார்த்த அவர், "புள்ளி பிசகாம அப்படியே ஒத்துப்போகுதே சார்!" என்று வியந்தார். "அளக்கிறவன் அளந்தா அப்படித்தான்மா" என்று சிரித்தேன். இரண்டு விடைத்தாள்களில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால், பார்த்து எழுதியவனை அந்த நிமிடமே எழுப்பி நிறுத்தியவன் நான். கையால் அளந்தது எதுவும் கோப்போடு அச்சாக ஒத்துப்போகாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஓர் ஆசிரியர் ஆயிற்றே.

6. தரையே தெருவின் தொடக்கத்திலுள்ள பிரதான சாலையை நோக்கிச் சரிகிறது என்று கணக்கானதால், வடிகாலை நெடுக ஒரே ஆழத்தில் தோண்டினார்கள். முதல் மழையிலேயே தண்ணீர் சாலைக்குப் போகாமல் கடைசி வீட்டுக்குள் புகுந்தது. அங்கே குடியிருக்கும் தையல்காரப் பெண்ணின் இரண்டு இயந்திரங்களும், தைக்க வந்திருந்த துணிகளும் சேற்றில் கிடந்தன. "வடிகால் இல்லாதப்ப எல்லார் வாசல்லயும் கொஞ்சம் கொஞ்சம் நின்னுச்சு. இப்ப மொத்தத்தையும் என் வீட்டுக்கே வழிகாட்டி விட்டுட்டாங்க சார்" என்று என்னிடமே வந்து சொன்னார். "ஆமாம்மா, அநியாயம்" என்றேன்.

7. மறுநாள் கொத்தனார் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். குழாயின் மறுமுனையைப் பிடித்து நின்றவன் நான். "இந்த முனை ஒன்றரை அடி தாழ்ந்து கிடக்கு சார். எந்த மகராசன் அளந்தது?" என்றார். நான் குழாயைச் சுருட்டத் தொடங்கினேன். அன்று மாலை தெருவினர் கூடி, "நீங்களே எழுதுங்க சார், உங்க எழுத்துக்கு உடனே நடவடிக்கை எடுப்பாங்க" என்றார்கள். அம்மையீர், உண்மை தெரிந்த பிறகுதான் அந்தப் புகாரை எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

8. நேற்று வரைவாளரின் விளக்கக் கடித நகல் வந்தது. என் தாளைக் காட்டித் தப்பித்திருப்பார் என்று எண்ணியே பிரித்தேன். அவர் எழுதியிருப்பது இது: "ஆசிரியர் நேரில் அளந்து தந்தவை சரியான அளவுகள். ஆகவே தரவை மென்பொருளில் ஏற்றும்போது நான்தான் எங்கோ பிழை செய்திருக்க வேண்டும். பதினோரு முறை மீண்டும் ஏற்றிப் பார்த்தும் அப்பிழையைக் கண்டுபிடிக்க இயலவில்லை." என் மனைவி அதைப் படித்துவிட்டு, "இன்னும் எத்தனை தடவை அந்தப் பொண்ணைத் தேட விடப்போறீங்க?" என்று கேட்டார்.

9. ஆகவே தங்களிடம் வேண்டுவது: வரைவாளரின் பணியிடை நீக்கத்தை ரத்து செய்து, அவரது பணிப்பதிவேட்டில் இதன் சுவடே இல்லாமல் செய்ய வேண்டும். என்னை நம்பிக் கையொப்பமிட்ட மற்ற 42 பேரைக் குறை காண வேண்டாம். அடுத்த மழைக்கு முன் அளவைக் கருவியால் தெருவை முறையாக அளந்து வடிகாலைத் திருத்த வேண்டும். தையல்காரர் வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கினால் நல்லது. பொய்ச்சான்று எழுதியதற்கு என்மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். சங்கச் செயலாளர் பொறுப்பிலிருந்து இன்று காலை விலகிவிட்டேன்.

10. வெள்ளிக்கிழமை விசாரணைக்கு என்னையும் அழைத்து, வரைவாளர் முன்னிலையில் "அளந்தீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். "இல்லை" என்ற என் பதில் அவர் காதில் விழ வேண்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு நேரம் ஒதுக்க வேண்டாம். நான் கேட்டால் அவர் உடனே "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிடுவார். அதை வாங்கிக்கொள்ளும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை.

இடம்: மேற்படி தெரு
நாள்: 12ஆம் தேதி, புதன்கிழமை

இங்ஙனம்,
(கையொப்பம்)
முதல் புகாரில் முதலாவதாகக் கையொப்பமிட்டவர்