கொம்பு கடைசியில்தான்

வேட்டை முகாம், அலாஸ்கா

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

நேற்று ஒரு வேடிக்கை. வேட்டைக்கு வந்திருக்கும் ஹோலிஸ் ஒரு மூஸ் மானைச் சுட்டார். எலும்போடு துண்டுபோட்டு, நான்தான் மலையிலிருந்து சுமந்து இறக்கினேன். ஒரு பின்தொடை இன்னும் மேலே கிடக்கையிலேயே, மனிதர் கொம்பைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார்.

"கறி முழுசும் இறங்கினப்புறம்தான் சார் கொம்பு, அதுதான் சட்டம். திரும்பக் கொண்டுபோய் வைங்க."

"ஒரு தொடைதானே தம்பி? யாரு பாக்கப்போறா?"

"ஆபீசர் பாத்தா உங்க கொம்பும் போகும், என் வேலையும் போகும்."

திட்டிக்கொண்டே திரும்ப ஏறினார். அவர் புதருக்குள் மறைந்ததுமே வேட்டை அதிகாரியின் விமானம் ஆற்றில் இறங்கியது.

"கொம்பு எங்கப்பா?" என்றார்.

"தொடையோட மேல இருக்கு சார். முதல்ல டீ குடிங்க."

நிதானமாகத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு அழைத்துப்போனேன். ஹோலிஸ் கொம்பை இறக்கிவைத்து, தொடைமேல் சாய்ந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டீ நல்லா இருந்துச்சு. ஆனா ரொம்ப நேரம் போட்டப்பா" என்று சிரித்துவிட்டுப் போனார். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

அந்தத் தொடையை ஹோலிஸ் உனக்கே கொடுத்துவிட்டார். இந்தக் கடிதத்தோடு வருகிறது. பக்கத்து வீட்டு ஒலிங்காவுக்கும் கொடு. இதைக் கொண்டுவரும் விமானியிடம் என் கம்பளிக் காலுறைகளைக் கொடுத்தனுப்பு. நாய் என் கட்டிலில் படுத்தால் விரட்டாதே.

விமானி கூப்பிடுகிறார். எலும்பை மட்டும் உடைக்காமல் வை அம்மா. நான் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து உடைத்து மஜ்ஜையை உறிஞ்சுவோம்.

உன் வசிலி